சாப்பாட்டு மேசையில் ஓர் இன்ஜின் ஹெட்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் மேல் ஒரு கார் இன்ஜினின் ஹெட் ஐம்பத்தெட்டு நாட்கள் இருந்தது. டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை காலை பத்தேகாலுக்கு வந்தது. பிப்ரவரி இரண்டாம் திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்குப் போனது. நடுவில் ஒரு சனிக்கிழமை மூன்று மணி நேரம் வெளியே போய்த் திரும்பியதை நான் கழிக்கவில்லை.

இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் என் நாட்குறிப்பு. மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசராக இருப்பவனுக்கு எதையும் தேதி போட்டு எழுதிவைக்கும் வியாதி தொற்றிக்கொள்வது சகஜம். எனக்கு அது வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. பால் திரிந்த நாள், கீசர் கெட்ட நாள், டெல்லி லக்ஷ்மிபாய் நகர் அரசுக் குடியிருப்பில் அடுத்த பிளாக்கை இடிக்க வந்த இயந்திரத்தின் நிறம் எல்லாம் அதில் உண்டு. எங்கள் பிளாக்கின் முறை இன்னும் வரவில்லை.

ஹெட் என்பது இன்ஜினின் மேல்பாதி. பார்ப்பதற்குத் துளைகள் நிறைந்த ஓர் அலுமினியக் கட்டி. காற்றும் பெட்ரோலும் இன்ஜினுக்குள் போக அதில் நான்கு வழிகள். எரிந்த புகை வெளியேற நான்கு வழிகள். தொழிற்சாலையில் வார்த்தெடுக்கும்போது இந்த வழிகளின் உட்புறம் கரடுமுரடாக, அங்கங்கே விளிம்பு துருத்திக்கொண்டு இருக்கும். அந்தத் துருத்தல்களைச் செதுக்கி, வளைவுகளை இழைத்துவிட்டால் இன்ஜின் இன்னும் தாராளமாக மூச்சு விடும், வண்டி துள்ளும். இதைப் பட்டறைகளில் செய்வார்கள். நாங்கள் வீட்டில் செய்தோம். நாங்கள் என்று நான் எழுதினாலும் செய்தது என் மனைவி.

அவள் கோயம்புத்தூர்க்காரி. ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் பொறியியல் படம் போடும் வரைவுப் பிரிவில் வேலை. நான்கு வருடங்களுக்கு முன் அலுவலகத் தோழி ஒருத்தி அழைத்தாள் என்று ஃபரீதாபாத் தாண்டி ஒரு மண் மைதானத்துக்குப் போனாள். அங்கே ஒரு சிறிய கார் சங்கத்தார் வருடம் ஒருமுறை, பிப்ரவரியில், கூம்புகளை நட்டு வளைந்து வளைந்து ஒரு பாதை போடுவார்கள். ஒவ்வொரு வண்டியாகக் கடிகாரத்தை எதிர்த்து ஓட வேண்டும். பரிசு எதுவும் கிடையாது. ஒரு நிமிடத்துக்குள் வந்தவர்களின் பெயரை வெள்ளைப் பலகை ஒன்றில் எழுதுவார்கள். மாலையில் அழித்துவிடுவார்கள்.

போன வருடம் அவள் எடுத்துக்கொண்டது ஒரு நிமிடம் ஒன்றேகால் நொடிக்குச் சற்று அதிகம். வீடு திரும்பும் வழியில், துக்ளகாபாத் தாண்டும்போது சொன்னாள்.

"ஏனுங்க, அந்தப் பலகையில எம் பேரு ஒருக்கா வரோணும்."

"சாயந்திரம் அழிச்சிடற பலகைதானே?"

"அழிக்கறதுக்கு முன்னாடி நான் பாத்துக்குவேனுங்க."

எங்கள் கார் சின்ன பெட்ரோல் வண்டி. வயது பதினான்கு. டெல்லியில் பெட்ரோல் வண்டிக்குப் பதினைந்து வயது முடிந்தால் சாலையில் இடமில்லை. எங்கள் வண்டிக்கு ஆகஸ்டில் பதினைந்து முடிகிறது. ஆக, இந்த வண்டியில் அவள் பெயர் பலகையில் ஏற ஒரே ஒரு பிப்ரவரிதான் பாக்கி. வேறு வண்டி வாங்கி ஓட்டலாமே என்று ஒருமுறை சொன்னேன். அப்போது அவள் பார்த்த பார்வையை நான் நாட்குறிப்பில் எழுதவில்லை.

தீபாவளி முடிந்த எட்டாம் நாள், கோட்லாவில் ஹெட் வேலை செய்யும் மெக்கானிக் உஸ்தாதிடம் போனோம். எங்கள் வண்டியைப் பதினோரு வருடமாகப் பார்ப்பவர், அறுபதை நெருங்குபவர். நாங்கள் ஹெட்டைக் கழற்றித் தரச் சொல்லி, வீட்டில் செதுக்கப்போகிறோம் என்றதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"சார்ஜி, ஏக் ஹீ ஹெட் ஹை. ஆர்-பார் ஹோ கயா, தோ கஹானி கதம்."

இருப்பது ஒரே ஒரு ஹெட், துளை விழுந்தால் கதை முடிந்தது என்றார். அவர் சொன்னதில் கதையைத் தவிர எல்லாம் அறிவியல். அந்த வழிகளைச் சுற்றித்தான் இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடுகிறது. நடுவில் இருக்கும் சுவர் சில இடங்களில் மிக மெல்லியது. கருவி அதைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விட்டால் ஹெட் பழைய இரும்புக் கடைக்குத்தான். இந்த மாடலுக்குப் புது ஹெட் வருவது நின்று வருடங்கள் ஆகின்றன. பழையது கிடைக்கிறதா என்று மாயாபுரி பழைய வண்டிச் சந்தை முழுக்கத் தேடியதில் ஒன்றுதான் அகப்பட்டது. அதுவும் நடுவில் விரிசல் விட்டது.

"இத வெச்சுப் பழகிக்கலாமுங்க," என்றாள் மனைவி. விரிசல் ஹெட்டை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பத்து கிலோ அரிசிப் பையைப் பிடிப்பது போல.

கருவி தேர்ந்தெடுப்பது என் பொறுப்பு என்று நானே எடுத்துக்கொண்டேன். படிப்பவன் நான்தானே. நவம்பரில் மூன்று வாரம் படித்தேன். இன்ஜின் பற்றித் தடித்த இரண்டு புத்தகங்கள், எங்கோ குளிர்நாட்டில் கார் கொட்டகையில் நின்று பேசும் மனிதர்களின் வீடியோக்கள், அவற்றின் கீழே நடக்கும் சண்டைகள். ஒரு நோட்டில் குறிப்பு எடுத்தேன். பிறகு அலுவலக வழக்கப்படி மூன்று பத்திகள் போட்ட ஒப்பீட்டு அட்டவணை.

முதல் பத்தியில் காற்றழுத்தத்தில் ஓடும் கிரைண்டர். லேசானது, வேகமானது, பட்டறைக்காரர்கள் விரும்புவது. ஆனால் அதற்குக் காற்று அடைத்துத் தர ஒரு கம்ப்ரஸர் வேண்டும். அது போடும் சத்தத்தில் மேல் வீடு, பக்கத்து வீடு, எதிர் பிளாக் எல்லாம் எஸ்டேட் ஆபீசுக்கு மனு எழுதும். இரண்டாவது, பொம்மை போன்ற சிறிய ரோட்டரி கருவி. மரப்பெட்டியில் பூ செதுக்கச் சரி, இதற்கு மூச்சு வாங்கும். மூன்றாவது, மின்சாரத்தில் ஓடும் டை கிரைண்டர். நீண்ட கழுத்து, நல்ல பலம். மூன்றாவதற்கே அதிக மதிப்பெண் விழுந்தது. சாவ்ரி பஜாரில் வாங்கினோம். முனையில் மாட்டும் கார்பைடு வெட்டுமுனையையும் நானே பொறுக்கினேன். பற்கள் நெருக்கமாகக் குறுக்கும் நெடுக்குமாக ஓடிய ஒன்று, பார்க்கவே நுட்பமாக இருந்தது.

நவம்பர் நான்காம் ஞாயிறு, காலை பதினொன்று ஐந்து. பின்முற்றத்தில் விரிசல் ஹெட்டை ஒரு பழைய போர்வை மேல் வைத்து ஆரம்பித்தேன். ஒரு நிமிடத்தில் வெட்டுமுனையின் பற்களுக்கு இடையே அலுமினியம் பசைபோல ஒட்டி, பல்லே தெரியாமல் வழவழப்பான கொழுக்கட்டை ஆகிவிட்டது. மென்மையான உலோகத்துக்கு இடைவெளி அதிகமுள்ள, பெரிய பல் வைத்த முனைதான் வேண்டும். இது என் நோட்டில் ஏற்கெனவே இருந்தது, பதினேழாம் பக்கம்.

முனையை மாற்றிக்கொண்டு மீண்டும் ஆரம்பித்தேன். இந்த முறை வெட்டியது. நன்றாகவே வெட்டியது. வளைவில் ஒரு துள்ளு துள்ளி, நான் பிடித்து நிறுத்துவதற்குள் சுவருக்குள் போய்விட்டது. மனைவி டார்ச்சை அந்தப் பக்கத்துத் தண்ணீர்த் துளைக்குள் அடித்தாள். இந்தப் பக்கம் வெளிச்சம் தெரிந்தது.

நான் கிரைண்டரின் பிளக்கைப் பிடுங்கினேன்.

"நல்லவேளைங்க, இது ஏற்கெனவே செத்த ஹெட்டு," என்றாள். பிறகு என் கையிலிருந்து கிரைண்டரை வாங்கிக்கொண்டாள். "உங்க கை எழுதற கைங்க. அது எழுதட்டும்."

அன்றோடு வெட்டும் அதிகாரம் என்னிடமிருந்து போனது. ஆனால் அவள் பிடித்தபோதும் அந்தக் கிரைண்டர் அடங்கவில்லை. கனம் வேறு. மணிக்கட்டு வலித்தது. விசையைப் போட்டால் முழு வேகம், எடுத்தால் நின்றது.

"இதுக்கு ரெண்டே புத்திங்க," என்றாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றியபடி. "நிக்கும், இல்லாட்டி ஓடும். நடக்கத் தெரியல."

அட்டவணையில் நான் போட்ட மதிப்பெண்களில் நடப்பதற்கு ஒரு வரி இல்லை.

அடுத்த சனிக்கிழமை அவள் கழுத்துச் சங்கிலியின் கொக்கி தேய்ந்து கழன்றுகொண்டே இருந்ததால் கரோல்பாக் போனோம். நகைக்கடைக்குப் பின்னால் ஒரு குறுகலான அறையில் வங்காளி ஆசாரி ஒருவர் தரையில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே ஆணியில் ஒரு சிறிய மோட்டார் தொங்கியது. அதிலிருந்து கறுப்புப் பாம்பு போல ஒரு வளையும் குழாய் இறங்கி, அவர் கையில் பேனா அளவு கைப்பிடியாக முடிந்தது. அதன் முனை சுழன்று கொக்கியை இழைத்தது. கொஞ்சம் வேகமாக, பிறகு மெதுவாக, பிறகு கிட்டத்தட்ட நிற்கிற அளவுக்கு.

மனைவி சங்கிலியைப் பார்க்கவே இல்லை. குனிந்து வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தீதி, செயின் இதர் ஹை," என்றார் ஆசாரி, சங்கிலியைத் தூக்கிக் காட்டி.

"ஏனுங்க, அவரு காலப் பாருங்க," என்றாள் என்னிடம்.

அவர் வலது காலின் கீழே ஒரு பெடல். தையல் மிஷின் மோட்டாருக்கு இருக்குமே, அதே போல. எவ்வளவு அழுத்துகிறாரோ அவ்வளவு வேகம்.

ஒருமுறை அமுக்கிப் பார்க்கலாமா என்று இந்தியில் கேட்டாள். அவருக்கு விநோதமாக இருந்திருக்க வேண்டும். ஆனாலும் நகர்ந்து இடம் கொடுத்தார். ஒரு பித்தளைத் துண்டைக் கையில் கொடுத்தார். மனைவி செருப்பைக் கழற்றி, குதிகாலைத் தரையில் ஊன்றி, பெருவிரலால் மட்டும் பெடலைத் தொட்டாள். மோட்டார் முனகியது. முனை மெல்லச் சுற்றியது. பித்தளையில் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு இழுத்தாள், ஓரத்தில் நிறுத்தினாள், திருப்பி இழுத்தாள்.

ஆசாரி சிரித்தார். "சிலாயி கர்தீ ஹோ நா? ஏடீ ஹில்தீ நஹீன்."

தைக்கிறவளா என்று குதிகாலைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். குதிகால் அசையவே இல்லையாம். உண்மை. சரோஜினி நகர் தையல்காரர் ஒருவர் ஒரு ரவிக்கையை ஆறு வாரம் வைத்திருந்து வேறு யாருடையதையோ திருப்பிக் கொடுத்த நாளிலிருந்து, இருபது வருடமாக அவள் ரவிக்கையை அவளேதான் தைக்கிறாள். வளைவான கழுத்துக்கு ஒரு தையல் விடாமல் ஓட்டுவதற்கு வேண்டிய கால் அவளிடம் எப்போதோ தயாராகிவிட்டது. அதற்கேற்ற கருவிதான் இரண்டு கடை தள்ளி இருந்தது. பலம் கூடிய மோட்டார், வளையும் குழாய், பெடல். அன்றே வாங்கினோம். என் அட்டவணையில் நான்காவது பத்தி போட இடமில்லாததால் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன்.

மோட்டாரை உயரத்தில் தொங்கவிட வேண்டும். எங்கே? டிசம்பரில் டெல்லியில் மின்விசிறிக்கு வேலையில்லை. சாப்பாட்டு அறை விசிறியைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு அந்தக் கொக்கியில் மோட்டாரை மாட்டினோம். கொக்கிக்கு நேர் கீழே சாப்பாட்டு மேசை. அப்படித்தான் மேசை போனது.

விரிசல் ஹெட்டில் இரண்டு வாரம் பழகினாள். ஒருமுறைகூடச் சுவரைத் துளைக்கவில்லை. டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை உஸ்தாத் உண்மையான ஹெட்டைக் கழற்றிக் கொடுத்தார். இரண்டு கைகளாலும் கொடுத்தார்.

அந்த வாரங்களைப் போல எங்கள் வீடு கலகலப்பாக இருந்ததில்லை. அலுவலகத்திலிருந்து வந்து காபி குடித்ததும் அவள் பழைய சுடிதாரை மாட்டிக்கொண்டு உட்காருவாள். வரைவுப் பெட்டியிலிருந்து கவராயத்தை எடுத்து, மார்க்கர் பூசிய உலோகத்தில் ஊசிமுனையால் கோடு கீறுவாள். அந்தக் கோடுவரைதான் வெட்டலாம். முகமூடிக்குப் பஞ்சமில்லை. நவம்பர் புகைக்காக வாங்கியது அலமாரி நிறைய இருந்தது. வெட்டுமுனையில் அலுமினியம் ஒட்டாமலிருக்க எதையாவது தடவ வேண்டும்; புத்தகத்தில் மெழுகு என்று இருந்தது. அவள் தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்துவந்தாள். டெல்லிக் குளிரில் அது வெள்ளைக் கட்டியாக உறைந்திருந்தது. சுழலும் முனையை அந்தக் கட்டியில் ஒரு தொடு, பிறகு உலோகத்தில். அற்புதமாக வேலை செய்தது. வீடு முழுக்கத் தலைக்கு எண்ணெய் வைத்த வாசனை.

என் வேலை அளப்பது. மருந்துக் கடையில் வாங்கிய ஊசியில்லாத சிரிஞ்சால் ஒவ்வொரு வழியிலும் நீலம் கலந்த தண்ணீரை ஊற்றி எவ்வளவு கொள்கிறது என்று எழுதுவேன். நான்கும் ஒரே அளவு கொள்ள வேண்டும். மூன்றாவது வழி எப்போதும் பின்தங்கும். "மூணாவதுக்கு இன்னும் கொஞ்சம்," என்பேன். "சித்தெ இருங்க," என்பாள். பெடல் முனகும். மறுபடி ஊற்றுவேன். எனக்கு இதைவிடச் சந்தோஷமான வேலை அமைந்ததில்லை.

விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்த மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள். இங்கேயே பிறந்தவள், அவள் தமிழ் பாதி வழியில் மெட்ரோ மாறும்.

"அம்மா, சீரியஸ்லி? டேபிள் மேல இஞ்சின்? நான் கஹான் உக்காந்து சாப்பிடறது?"

"கட்டில்ல உக்காந்து சாப்பிடு, கண்ணு. தட்டு மட்டும் அந்த ரூமுக்குள்ள வேண்டாம். தூள் பறக்குது."

"அப்பா, நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

"நான் அளக்கறேன்," என்றேன்.

மகள் வாட்ஸ்அப்பில் படம் போட்டதிலிருந்து பிளாக்கே வந்து பார்த்தது. கொலு பார்க்க வருவது போல இரண்டு இரண்டு பேராக வந்தார்கள். மேல்வீட்டு அம்மாள், திருச்சிப் பக்கம், சுற்றிவந்து பார்த்துவிட்டு, "சுண்டல் உண்டா?" என்று கேட்டார். மனைவி உண்மையிலேயே சுண்டல் செய்து வைத்திருந்தாள். கட்டில் மேல்.

செதுக்கல் ஜனவரி தொடக்கத்தில் முடிந்தது. பாக்கி இருந்தது மெருகேற்றல். மணற்காகிதச் சுருள்கள், பிறகு கம்பளி உருண்டை, பிறகு பாலிஷ் பசை. என் நோட்டில் இதற்கென்று ஒரு பக்கம். புகை வெளியேறும் நான்கு வழிகளைக் கண்ணாடிபோல் ஆக்கலாம், கரி ஒட்டாது. காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் நான்கை அப்படிச் செய்யக் கூடாது. சற்றே சொரசொரப்பாக விட வேண்டும். சிவப்பு மையில் அடிக்கோடு.

போகி வந்தது. எனக்கு அலுவலகம், அவள் விடுப்பு எடுத்திருந்தாள். சாயங்காலம் ஆறரைக்கு வந்தேன். பிளாக் முனையில் முந்தின நாள் லோஹ்ரிப் பண்டிகைக்கு எரித்த கட்டைகளின் சாம்பல். வீட்டுக்குள் எலுமிச்சையும் புளியும் பாலிஷ் பசையும் கலந்த வாசனை. பூஜை அலமாரியில் விளக்குகள் தகதகத்தன. சாப்பாட்டு மேசையில் ஹெட்டும் தகதகத்தது. டார்ச் அடித்தேன். எட்டு வழிகளும் எட்டு வெள்ளி டம்ளர்கள் என்று வாய்விட்டே சொன்னேன். என் மூக்கு தெரிந்தது.

"எட்டுமா?"

"நாலத் தேய்ச்சேனுங்க. விளக்கத் தேய்ச்சேன். திரும்பி வந்து பாத்தா மீதி நாலு மங்கலா உக்காந்திருக்குது. போகியும் அதுவுமா பாதி தேய்ச்சு பாதிய அழுக்கா விடறதுக்கு மனசு வருமாங்க?"

எனக்கும் வரவில்லை. அதுதான் உண்மை. சிவப்பு அடிக்கோடு ஞாபகமே இல்லை. அன்றைய நாட்குறிப்பில் அரைப்பக்கம் புகழ்ந்து எழுதியிருக்கிறேன். 'கைவினையின் உச்சம்' என்றுகூட ஒரு வரி.

ஹெட்டை மறுபடி மாட்டும்போது அடியில் வைக்க வேண்டிய கேஸ்கட் வர இருபத்து நான்கு நாட்கள் ஆயின. அதுவரை வந்தவர்களுக்கெல்லாம் டார்ச் அடித்துக் காட்டினோம். பிப்ரவரி முதல் சனிக்கிழமை ஹெட்டைப் பழைய படுக்கை விரிப்பில் சுற்றி ஆட்டோவில் கோட்லா கொண்டுபோனோம். போட்டி அடுத்த வார ஞாயிறு.

உஸ்தாத் முதலில் தண்ணீர் ஓடும் பக்கங்களைச் சோதித்தார். எங்கும் துளையில்லை. தலையாட்டினார். புகை போகும் வழிகளுக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். புருவத்தை உயர்த்தி மனைவியைப் பார்த்தார். பிறகு மறுபக்கம் திருப்பி, டார்ச் அடித்தார். அப்படியே நின்றார். பிறகு பக்கத்துப் பட்டறைக்காரர்களைக் கூப்பிட்டார். மூன்று பேர் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"பாபீஜி, ஷீஷா பனா தியா!" என்று சிரிக்க ஆரம்பித்தார். "இஸ்மே ஷக்ல் தேகனீ ஹை க்யா? பெட்ரோல் தோ ஃபிஸல் ஜாயேகா!"

மூஞ்சி பார்க்கும் கண்ணாடி ஆக்கிவிட்டோம்; பெட்ரோல் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். புகைபோலக் காற்றில் கலந்து போக வேண்டிய பெட்ரோல், இவ்வளவு வழவழப்பான சுவரில், அதுவும் இந்தக் குளிரில், சொட்டாகத் திரண்டு வழியும். காலையில் வண்டி இருமும். வளைவு முடிந்து ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது ஒரு கணம் தடுமாறும். அந்த ஒரு கணத்துக்காகத்தானே இத்தனையும்.

மனைவி என் பக்கம் திரும்பினாள். "நீங்கதான படிச்சீங்க?"

பையிலிருந்து நோட்டை எடுத்துச் சிவப்பு அடிக்கோட்டைக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது.

"எழுதி வெச்சுட்டே வெள்ளி டம்ளருன்னீங்களா?"

உஸ்தாத்துக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவர் சிரிப்பு இன்னும் அதிகமானது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, எண்பது நம்பர் மணற்காகிதத்தால் அந்த நான்கையும் கீறிக்கொண்டு வரச் சொன்னார். திங்கட்கிழமைக்குள் கையில் கிடைத்தால் சனிக்குள் வண்டி ஓடும். செவ்வாய் ஆகிவிட்டால் அவரிடம் வேறு ஹெட் இருக்கிறது, முடியாது. கரடுமுரடான காகிதத்தில் கை தவறினால் இத்தனை நாள் அளந்து சமன்செய்த நான்கும் நான்கு விதமாகிவிடும் என்றும் சொன்னார்.

ஹெட் மறுபடி மேசைக்கு வந்தது. சனி மாலையும் ஞாயிறு முழுவதும் மோட்டார் முனகியது. மெதுவாக, மிக மெதுவாக. தன் கையால் ஏற்றிய மெருகைத் தன் கையால் கீறுவது அவளுக்கு எப்படி இருந்ததோ. முதல் வழியில் காகிதச் சுருளை நுழைக்கும் முன், "இன்னொருக்கா டார்ச் அடிங்க," என்றாள். அடித்தேன். இருவரும் கடைசியாக ஒருமுறை எங்கள் மூக்கைப் பார்த்துக்கொண்டோம். பிறகு பெடலைத் தொட்டாள்.

ஒவ்வொரு வழி முடிந்ததும் நீலத் தண்ணீர் ஊற்றினேன். நான்கும் ஒரே கோட்டில் நின்றன. மூன்றாவதும். மூன்றாவது அப்படி நின்றபோது ஞாயிறு மாலை ஐந்து இருபது.

வெள்ளிக்கிழமை மதியம் உஸ்தாத் தொலைபேசியில் அழைத்தார். இன்ஜினுக்குப் பக்கத்தில் போனைப் பிடித்து ஒரு உறுமல் உறுமவிட்டு வைத்துவிட்டார்.

பிப்ரவரி மூன்றாம் ஞாயிறு. காலை ஏழு மணிக்கு மைதானத்தில் இருந்தோம். லேசான பனிமூட்டம், கடலைவண்டிக்காரர், இருபத்துச் சொச்சம் வண்டிகள். மகள் விடுதியிலிருந்து வீடியோ அழைப்பில் என் சட்டைப் பையில் இருந்தாள். ஒவ்வொருவருக்கும் இரண்டு ஓட்டம். சங்கத்தின் கடிகாரம் கோட்டருகே ஒரு மேசையில். எனக்கு அதில் நம்பிக்கையில்லாததால் கழுத்தில் என் ஸ்டாப்வாட்ச்.

முதல் ஓட்டத்தில் வண்டி வளைவிலிருந்து எழுந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது. போன வருடம் யோசித்து யோசித்து எழுந்த வண்டி, இப்போது கூப்பிட்டதும் வந்தது. அந்த மகிழ்ச்சியில் அவள் கொஞ்சம் கூடுதலாகக் கூப்பிட்டுவிட்டாள் போல. கடைசிக்கு முந்தின கூம்பு உருண்டது. என் கடிகாரத்தில் ஒரு நிமிடமும் நொடியில் ஐந்தில் ஒரு பங்கும். கூம்புக்கு இரண்டு நொடி அபராதம் வேறு.

திரும்பி வந்து கண்ணாடியை இறக்கினாள். கன்னமெல்லாம் மண்.

"அமுக்கிட்டேனுங்க," என்றாள். "தைக்கறப்ப இப்படி அமுக்குனா நூலு அறுந்திருக்கும்."

"இன்னொண்ணு இருக்கு."

"தெரியும். சித்தெ பேசாம இருங்க."

செருப்பைக் கழற்றிப் பின்சீட்டில் போட்டாள். மெல்லிய கான்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டாள். குதிகாலைத் தரையில் இரண்டுமுறை ஊன்றிப் பார்த்துக்கொண்டாள்.

இரண்டாம் ஓட்டம் பற்றி வரிசையாக எழுத முயன்றிருக்கிறேன், முடியவில்லை. கொடி விழுந்தது. வண்டி போனது. எங்கும் சறுக்கவில்லை, எங்கும் அவசரப்படவில்லை. வளைந்த கழுத்துக்குத் தையல் ஓடுவது போல ஒரே சீராக ஓடியது. வளைவுகளில் இன்ஜின் சத்தம் தாழ்ந்து, தாழ்ந்து, கிட்டத்தட்ட நின்று, பிறகு தடுமாற்றமே இல்லாமல் எழுந்தது. அந்த முனகலை நான் இரண்டு மாதம் சாப்பாட்டு அறையில் கேட்டிருக்கிறேன். கூம்புகள் எல்லாம் நின்றபடி நின்றன. நான் கத்திக்கொண்டிருந்தேன். சட்டைப் பையிலிருந்து மகளும் கத்தினாள். கடலைவண்டிக்காரர் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார்.

பலகை அருகே ஒருவர் மார்க்கரைத் திறந்தார்.

மனைவி வண்டியை நிறுத்திவிட்டு, நடந்துவந்து, பலகைக்கு முன்னால் நின்றாள். எழுத்துப்பிழையோடு ஆங்கிலத்தில் அவள் பெயர், பக்கத்தில் நேரம். நிறைய நேரம் நின்றாள். ஒரு தட்டுக் கடலை தின்று முடிக்கும் நேரம். பிறகு என்னிடம் வந்து கையை நீட்டினாள். வாழ்த்துச் சொல்லக் கை கொடுத்தேன்.

"அதில்லீங்க. உங்க வாட்ச்சக் காட்டுங்க. உங்க கணக்குல எவ்வளவு?"

குனிந்து பார்த்தேன். முதல் ஓட்டத்தின் நேரமே அதில் அசையாமல் நின்றிருந்தது.

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வண்டிக்காரர்கள் திரும்பினார்கள். என் பையிலிருந்து நாட்குறிப்பை எடுத்து, பானெட் மேல் வைத்து, பேனாவையும் பிடுங்கிக்கொண்டாள். பானெட் இன்னும் சூடாக இருந்தது. வரைவுக்காரியின் குட்டையான, நேரான எழுத்து. இத்தனை வருட நாட்குறிப்புகளில் என் கையெழுத்தில்லாத பக்கம் அது ஒன்றுதான்:

'ஞாயிறு. காலை 9.40. ஐம்பத்தொன்பது புள்ளி ஆறு நொடி. கூம்பு எதுவும் விழவில்லை. இவர் கடிகாரத்தை அமுக்க மறந்துவிட்டார்.'